கை நடுக்கத்தைக் கவனித்து மருத்துவரிடம் விவரிப்பது எப்படி?

நடுக்கம் எந்த நிலையில் தோன்றுகிறது என்பதே, மூளையின் எந்த நரம்புச் சுற்று பழுதுபட்டிருக்கலாம் என்பதற்கான முதல் தடயம். ஆகவே மருத்துவரிடம் செல்லுமுன் பின்வருவனவற்றைக் கவனித்து, முடிந்தால் காணொளியாகவும் பதிவு செய்யுங்கள்.

முதலில் நடுக்கம் உள்ளவரைக் கைகளை மடியில் தளர்வாக வைத்து, 100இலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லுங்கள். மனம் எண்ணிக்கையில் ஈடுபட்டிருக்க, ஓய்விலுள்ள கை நொடிக்கு 4 முதல் 6 முறை நடுங்கினால் அது பார்க்கின்சன் நோயைக் குறிக்கலாம்.

அடுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகல விரித்து, வேகமாகச் சேர்த்துச் சேர்த்துத் தட்டச் சொல்லுங்கள். விரிப்பு வரவரக் குறுகி, வேகம் மந்தமாகிறதா என்று பாருங்கள். பார்க்கின்சன் நோயில் நடுக்கத்தைவிட இந்த மந்தமே முக்கியமான அறிகுறி என்பதால் இதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். நடுமூளையில் டோப்பமைன் என்னும் நரம்புச் செய்தி வேதிப்பொருளை உண்டாக்கும் நரம்பணுக்கள் அழியும்போது, பேசல் கேங்கிலியா எனப்படும், அசைவைக் கட்டுப்படுத்தும் மூளையின் ஆழ்பகுதியில் அசைவுக்கு வழிவிடும் பாதை வலுவிழந்து, அசைவைத் தடுக்கும் பாதை ஓங்கிவிடுவதால் இம்மந்தம் உண்டாகிறது என்பதே நெடுங்காலமாக ஏற்கப்பட்ட விளக்கம்.

கையை நீட்டும்போதும் குவளையை ஏந்தும்போதும் மட்டும் நடுங்கினால், அதையும் தனியே குறியுங்கள். இலக்கை நெருங்க நெருங்க நடுக்கம் கூடுவது சிறுமூளைப் பாதிப்பைச் சுட்டலாம்.

சில மருந்துகளும் தைராய்டு மிகைச்சுரப்பும் நடுக்கம் தருமாதலால், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை உடன் கொண்டு செல்லுங்கள். நடுக்கத்துடன் பேச்சுக் குழறலோ ஒருபக்கத் தளர்ச்சியோ திடீரெனத் தோன்றினால், இச்சோதனைகளில் நேரம் செலவிடாமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.