லூட்டோடு பாடிய ஆங்கில நாட்டுப்பாடல்: வில்லுப்பாட்டு கேட்ட காதுக்கு ஒரு வழி

கோயில் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த குமரி மாவட்டத்து ஆட்களுக்கு, இங்கிலாந்தின் பழைய நாட்டுப்பாடலைக் கேட்கத் தனியாக இசை அறிவு எதுவும் வேண்டாம், கதை கேட்கிற பொறுமை இருந்தால் போதும். மெட்டுக்காகக் கேட்டால் ரெண்டு நிமிஷத்தில் சலித்துவிடும், ஏனென்றால் அதே மெட்டுதான் சரணத்துக்குச் சரணம் திரும்பத் திரும்ப வரும்.

ஆல்ஃபிரட் டெல்லர் பாட, டெஸ்மண்ட் டூப்ரே லூட் வாசித்து 1950களில் வந்த 'தி த்ரீ ரேவன்ஸ்' தொகுப்பில் தொடங்குங்கள். டெல்லர் கவுண்டர்டெனர், அதாவது ஆண்தான், ஆனால் பெண்குரல் உயரத்தில் பாடுவார். முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும். பழகிவிடும்.

லூட் என்பது வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் கண்டிருக்கக்கூடிய 'ஊத்' (oud) என்ற அரபுத் தந்தி வாத்தியத்துக்கு உறவுக்காரன்: முதுகு உருண்டிருக்கும், தந்திகள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக இருக்கும், மீட்டிய சத்தம் சட்டென்று அடங்கிவிடும். அதனால் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், கீழ்ஸ்தாயித் தந்தி காதில் விழவே விழாது. ஹெட்போன் போடுங்கள், ஃபேனை அணையுங்கள், ஆரல்வாய்மொழிப் பக்கம் வீடென்றால் ஆனி, ஆடியில் காற்று இரைச்சலுக்காக ஜன்னலையும் சாத்த வேண்டியிருக்கும். சத்தத்தை ரொம்பக் கூட்ட வேண்டாம்.

இனி முக்கியமான வேலை. பாட்டைப் போடுவதற்கு முன்னால் வரிகளைத் தேடி ஒரு தடவை வாசித்துவிடுங்கள். தொகுப்பின் தலைப்புப் பாட்டு 1611இலேயே அச்சில் வந்தது. மரத்தில் உட்கார்ந்த மூன்று அண்டங்காக்கைகள் இன்றைக்கு எதைத் தின்னலாம் என்று பேசுகின்றன, கீழே வயலில் ஒரு வீரன் செத்துக் கிடக்கிறான், ஆனால் அவனுடைய நாய்களும் பருந்துகளும் எதையும் பக்கத்தில் விடவில்லை, அப்புறம் நிறைசூலியான ஒரு மான் வந்து அவனைச் சுமந்து போய்ப் புதைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் தானும் சாகிறது. அந்த மான் அவன் காதலிதான் என்று பலரும் சொல்வார்கள். நடுநடுவே வரும் 'டவுன் எ டவுன்' என்பதற்கு அர்த்தம் தேடாதீர்கள், வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர்கள் 'ஆமா' போடுவார்களே, அந்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மூரில் நீலி கதையில் பழி வாங்கும் இடம் வந்தால் உடுக்கையும் குடமும் சேர்ந்து சூடேற்றும். இங்கே அதை எதிர்பார்க்காதீர்கள். சாவையும் ஒரே நிதானத்தில் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவார்கள், என்னைக் கேட்டால் அதுதான் கூடுதலாக உறைக்கிறது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கிராமத்தில் இந்த மாதிரி நாட்டுப்பாடலைப் பாடியவர்கள் பெரும்பாலும் வாத்தியம் இல்லாமல்தான் பாடினார்கள். 1903இல் இங்கிலாந்தின் சாமர்செட்டில் செசில் ஷார்ப் என்பவர் நாட்டுப்பாடல்களைச் சேகரிக்கத் தொடங்கியதே ஒரு தோட்டக்காரர் பாடியதைக் கேட்டுத்தான். லூட் அரண்மனையிலும் பணக்கார வீட்டிலும் இருந்த வாத்தியம். எனவே டெல்லரின் 'பார்பரா ஆலன்' கேட்டு முடித்ததும், அதே பாட்டைக் கிராமத்துக்காரர் யாராவது வெறும் குரலில் பாடிய பழைய பதிவையும் தேடிக் கேளுங்கள். மெட்டே வேறாக இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.