நீலகிரியில் ஈர்ப்பு முரண்: கவசத்தைக் (மேலோட்டுக்குக் கீழே உள்ள அடுக்கைக்) காரணம் சொல்வதற்கு முன் கழிக்க வேண்டியவை

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால் உயரம் சுமார் 1,870 மீட்டர் கூடுகிறது. உயரம் ஈர்ப்பைக் குறைக்க, காலடியில் உள்ள மலையின் நிறை அதில் ஒரு பகுதியை ஈடுகட்ட, இரண்டும் சேர்ந்து கிராவிமீட்டர் (ஈர்ப்பை அளக்கும் கருவி) அளவை 370 மில்லிகால் (ஈர்ப்பின் சிறு அலகு) போல இறக்கிவிடும். ஈர்ப்பு முரணில் (எதிர்பார்த்த ஈர்ப்புக்கும் அளந்ததற்கும் உள்ள வித்தியாசத்தில்) நாம் தேடுகிற மேலோட்டுச் சேதியோ இதைக் கழித்த பிறகு மிஞ்சும் சில பத்து மில்லிகாலில்தான் இருக்கிறது, அதனால் கழிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

முதலில் உயரம். மீட்டருக்கு 0.3086 மில்லிகால் கூட்டி, காலடிப் பாறையைத் தட்டையாக எண்ணும் பூகே பலகைக்காக (அடர்த்தி கன செ.மீ.க்கு 2.67 கிராம்) 0.1119 கழிக்கிறோம், மிச்சம் மீட்டருக்கு ஏறக்குறைய 0.2. இங்கே ஜிபிஎஸ் தரும் நீள்வட்டக உயரம் (பூமியின் கணித வடிவத்திலிருந்து அளப்பது) கடல்மட்ட உயரத்தைவிடச் சுமார் 90 மீட்டர் குறைவாக இருக்கும். ஒரு புள்ளிக்கு இது, இன்னொன்றுக்கு அது என்று கலந்தால் 18 மில்லிகாலுக்கு இல்லாத முரண் ஒன்று முளைத்துவிடும். எல்லாப் புள்ளிக்கும் ஒரே வகை உயரம்தான்.

அப்புறம் நிலவடிவத் திருத்தம். கோடநாடு விளிம்பில் நின்றால் மாயாறு பள்ளத்தாக்கு சரேலென இறங்குகிறது, அங்கே தட்டையான பலகை என்ற கணக்கு செல்லாது. பக்கத்துக் குன்றும் சரி, பக்கத்துப் பள்ளமும் சரி, இரண்டுமே அளவைக் குறைப்பதால் திருத்தம் எப்போதும் கூட்டல்தான். தூரத்துக்கு எஸ்ஆர்டிஎம் (விண்கல ரேடார்) உயரத் தரவு போதும். அருகில் உள்ள சரிவை நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

2.67 என்பதும் வெறும் வழக்கம். நீலகிரியின் சார்னோக்கைட் பாறை அதைவிடக் கனமானது, 2.75 என்று வைத்தால் 2,000 மீட்டருக்கு விடை ஏழு மில்லிகால் அளவுக்கு மாறும். பல அடர்த்திகளைப் போட்டுப் பார்த்து, எதில் முரண் மலையின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடராமல் இருக்கிறதோ அதை எடுங்கள்.

இனி மாதிரி. அளந்ததோடு ஒப்பிடும் உலக மேலோட்டு மாதிரி கிரஸ்ட் 1.0 ஒரு பாகைக் கட்டம், அதாவது கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர். நீலகிரிப் பீடபூமி மொத்தமும் ஒரு கட்டத்துக்குள் அடங்கும் அளவுதான். புள்ளி அளவிலிருந்து அதை நேராகக் கழித்தால் வருவது பூமியைப் பற்றிய சேதி இல்லை, இரண்டின் நுணுக்கம் பொருந்தாததன் விளைவு. அளந்ததையும் அதே அலைநீளத்துக்கு வடிகட்டுங்கள், இல்லையென்றால் நிலநடுக்க அலைகளிலிருந்து கிடைத்த உள்ளூர் மோகோ (மேலோடும் கவசமும் சந்திக்கும் எல்லை) ஆழத்தை மாதிரியில் போடுங்கள். மாதிரிக்குள் மலையும் இருந்தால் ஃப்ரீ-ஏர் முரணோடும் (உயரத்துக்கு மட்டும் திருத்தியது), மலையில்லாமல் நிலத்தடி மட்டும் இருந்தால் பூகே முரணோடும் (மலையின் நிறையையும் கழித்தது) ஒப்பிட வேண்டும்.

அளந்ததிலிருந்து மாதிரியைக் கழித்து வருவது எச்சம். அது கூட்டலில் இருந்தால் மாதிரியில் போட்டதைவிட அங்கே நிறை அதிகம். ஆனால் மோகோவை ஒரே ஒரு கிலோமீட்டர் மேலே தூக்கினாலே, 0.45 அடர்த்தி வித்தியாசத்துக்கு, 19 மில்லிகால் போல வரும். அந்த ஆழத்திலேயே ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஐயம் இருப்பது சாதாரணம். மாயாறு, பவானி பிளவு மண்டலங்களைத் தாண்டும்போது குறுகலாக எழும் எச்சம் மேலோட்டுக்குள் இருப்பதுதான், ஏனென்றால் ஆழத்தில் உள்ள நிறை குறுகலான முரணைத் தர முடியாது. அகலமான எச்சம் ஆழத்திலிருந்தும் வரலாம், மேலேயே பரந்து கிடக்கும் பாறையாலும் வரலாம். கவசத்தின் பங்கு தென்னிந்தியா முழுக்க ஒரு மெல்லிய சரிவாகத் தெரியும், குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் மாறாது. ஆகவே அந்தச் சரிவைத் தனியே பிரித்துவிட்டு, ஐயத்துக்குட்பட்ட மோகோ ஆழங்கள் எல்லாவற்றுக்கும் மாதிரியை ஓட்டி, எதிலும் மறையாமல் நிற்கும் எச்சத்தை மட்டும் வரைபடத்தில் ஏற்றுங்கள்.