அரிசி வெந்தது, பருப்பு வேகவில்லை: வாணலி அரிசிம்பருப்பு

குக்கர் இல்லாமல் அகல வாணலியிலேயே கொங்கு அரிசிம்பருப்பு செய்வது எங்கள் வீட்டு வழக்கம். 2 டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி. காய் எது இருக்கிறதோ அது. மாசக் கடைசிக்கு இதைவிடத் தோதான இரவுச் சாப்பாடு கிடையாது.

திடீரென்று அரிசி குழைந்துபோகும், பருப்பு மட்டும் விதை மாதிரி நிற்கும். பருப்பு பழசு என்று நினைத்து வேறு கடையில் வாங்கினேன். கூடுதல் நேரம் ஊறவைத்தேன். தண்ணீரைக் கூட்டினால் கஞ்சியானது, பருப்பு அப்படியேதான்.

துப்பு கிடைத்தது தக்காளி விலை ஏறிய வாரத்தில். தக்காளி போடாமல் செய்தேன், பருப்பு மலர்ந்து வெந்தது! புளிப்பு சேர்ந்தால் பருப்பைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் எளிதில் கரையாது. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் அதையே செய்யும். எங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்திருந்தன.

இப்போது பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, குடிதண்ணீரில் மஞ்சளோடு முதலில் வேகவிடுகிறேன். விரலால் நசுக்கினால் பாதி உடைய வேண்டும், அப்புறம்தான் அரிசி. தக்காளியைத் தனியாக வெங்காயம், சீரகத்தோடு சுருள வதக்கி, அரிசியும் பருப்பும் வெந்த பிறகு கலந்து, மூடி போட்டு 5 நிமிடம் சிறு தீயில் விட்டால் போதும். நெய் கடைசியில். புளி, மாங்காய் போட்டாலும் இதே வரிசைதான்.