கை, கால் குறைவுடன் பிறந்த குழந்தை: குடும்பத்தார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையோ காலோ முழுமையாக வளராமல் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், பிரசவ வார்டிலேயே விசாரணை தொடங்கிவிடுகிறது. கிரகணத்தன்று வெளியே போனாயா, காய் நறுக்கினாயா என்று உறவினர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும், உடல் தேறாத தாயின்மீது சுமத்தப்படும் பழியே. கருவின் கைகால்கள் ஏறத்தாழ 4 முதல் 8 வாரங்களுக்குள் உருவாகிவிடுகின்றன. கருவுற்றிருப்பதே பலருக்கு உறுதியாகத் தெரியாத காலம் அது. பெரும்பாலும் காரணம் கண்டறியப்படுவதே இல்லை. கிரகணத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்: கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பு வளராத குழந்தைகளுக்கு இதயம், சிறுநீரகம், ரத்தம் ஆகியவற்றிலும் கோளாறு இருக்கக்கூடும் என்பதால், அவற்றைப் பரிசோதிக்காமல் வீடு திரும்பக் கூடாது.

அடுத்த தவறு, மறைப்பது. விசேஷ வீடுகளில் முழுக்கைச் சட்டை போட்டும் துண்டைப் போர்த்தியும் மூடிவைக்கப்படும் அந்தக் குட்டைக் கைதான் குழந்தை தொட்டறியும் கை. முழங்கைக்குக் கீழே கை இல்லாத குழந்தை, டிபன் பாக்ஸை அந்தக் கையால் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மூடியைத் திறந்துவிடும். நேரம் ஆகிறதே என்று நாம் பிடுங்கித் திறந்து கொடுத்தால், தானே வழி கண்டுபிடிக்கும் பழக்கம் அங்கேயே நின்றுபோகிறது.

செயற்கைக் கை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடன் வாங்கி அலையும் பெற்றோர் ஏராளம். அது தொடு உணர்வுள்ள தோலை மூடிவிடுவதால், பல குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவது போன்ற சில வேலைகளுக்கு மட்டும் அதை அணிகிறார்கள், சிலர் கழற்றியே வைத்துவிடுகிறார்கள், வற்புறுத்துவதில் பயனில்லை. கால் விஷயம் வேறு. பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க முயலும் பருவத்திலேயே, அதாவது ஒரு வயதையொட்டி, செயற்கைக் கால் தேவைப்படலாம் என்பதால் ‘வளரட்டும், பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது. குழந்தை வளர வளர அதை மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தயங்குவதும் குழந்தைக்கே இழப்பு. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு, 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அளிக்கிறது. சேர்க்கும்போதே, விளையாட்டு வகுப்பில் குழந்தையை ஓரமாக உட்கார வைக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்; மற்ற பிள்ளைகள் கேட்டால் ‘பிறக்கும்போதே இப்படித்தான்’ என்று தானே சொல்லவும், மேற்கொண்டு பேச விருப்பமில்லை என்றால் விலகிக்கொள்ளவும் குழந்தையை வீட்டிலேயே பழக்குங்கள்.