பெருவெடிப்பு எங்கே நடந்தது? பிரபஞ்சம் பற்றிப் படிக்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரபஞ்சத்தைப் பற்றி எழும் பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர் ஒன்றுதான். பிரபஞ்சத்துக்கு வெளியே போய் நின்று அதைப் பார்ப்பது போல ஒரு படத்தை மனதில் வரைந்துகொள்கிறோம். அப்படி நிற்க இடமே கிடையாது. இதைப் பிடித்துக்கொண்டால் பல முடிச்சுகள் தானாக அவிழும்.

பிரபஞ்சம் விரியத் தொடங்கிய ஆரம்ப நிலையைத்தான் பெருவெடிப்பு என்கிறார்கள். அதைக் கேட்டதும், இருட்டுக்கு நடுவே ஒரு புள்ளி வெடித்துச் சிதறுவதாக நினைக்கிறோம். அப்புறம் ‘அந்தப் புள்ளி எங்கே இருந்தது?’ என்ற கேள்வி வரும். கேட்பதில் தப்பில்லை, மனதிலுள்ள படம்தான் தப்பு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நமக்கு ஒரே நேர்கோட்டில் 10 கோடி, 20 கோடி, 30 கோடி ஒளியாண்டு (ஓர் ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம்) தொலைவில் மூன்று விண்மீன் மண்டலங்கள் (கேலக்ஸிகள்). நெடுங்காலம் கழித்து எல்லா இடைவெளிகளும் இரட்டிப்பாகின்றன: 20, 40, 60 கோடி. அதே காலத்தில் முதலாவது 10 கோடி விலகியிருக்கிறது, மூன்றாவது 30 கோடி. தூரம் கூடக் கூட விலகும் வேகமும் கூடுகிறது. 1929-ல் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிள் வெளியிட்ட அளவீடுகள் காட்டியது இதைத்தான்.

நாம்தான் மையம் என்று தோன்றுகிறதல்லவா? சரி, இப்போது இரண்டாவது மண்டலத்தில் நின்று அதே கணக்கைப் போடுங்கள். அங்கிருந்து நாம் 20 கோடியிலிருந்து 40-க்குப் போயிருப்போம். இரு பக்கத்து மண்டலங்களும் 10-லிருந்து 20-க்கு. அதே விதி, அதே விடை. எங்கே நின்றாலும் இப்படித்தான். பெருவெடிப்பு எல்லா இடத்திலும் நடந்தது, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இடம் உட்பட. அப்போது பிரபஞ்சம் முழுவதும் கடும் சூடாக இருந்தது; அந்தச் சூட்டின் மிச்சமான கதிர்வீச்சைக் கண்டதை பென்சியாஸ், வில்சன் என்ற இரு விஞ்ஞானிகள் 1965-ல் அறிவித்தார்கள். இன்றைக்கு அதன் வெப்பநிலை வெறும் 2.7 கெல்வின் (சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்), வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது.

‘எதற்குள் விரிகிறது?’ என்ற கேள்விக்கும் இதே பதில்தான். உள்ளே இருக்கும் தூரங்கள் கூடுகின்றன, அவ்வளவே; அதற்கு வெளியே ஒரு காலியிடம் தேவையில்லை. அதற்காக எல்லாமே விரிகிறது என்றும் நினைக்க வேண்டாம். ஈர்ப்பாலோ மின்விசையாலோ கட்டுண்டவை விரிவதில்லை. நம் உடம்பு, சூரியக் குடும்பம், நாம் இருக்கும் விண்மீன் மண்டலமான பால்வெளி எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. பக்கத்திலுள்ள ஆண்ட்ரோமெடா மண்டலமோ நொடிக்குச் சுமார் 110 கி.மீ. வேகத்தில் நம்மை நெருங்கிக்கொண்டிருக்கிறது.

ஒளியாண்டு என்பது தூரம், காலம் அல்ல. இதைக் கலந்துவிடுவதால்தான், பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்றால் நாம் பார்க்கக்கூடிய எல்லை 1,380 கோடி ஒளியாண்டு என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஒளி பயணித்த காலமெல்லாம் வெளியும் (ஸ்பேஸ்) விரிந்துகொண்டே இருந்தது. அதனால் அந்த எல்லை இன்று சுமார் 4,600 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது.

ஐன்ஸ்டீனின் கோட்பாட்டில் ஈர்ப்பு என்பது வெளியும் நேரமும் வளைவதுதான். அதை விளக்கக் காட்டும் ரப்பர் விரிப்புப் படத்துக்கு வருவோம். விரிப்பில் கனமான குண்டு, அது ஏற்படுத்திய பள்ளத்தில் உருளும் சின்னக் கோலி. பார்க்க அழகான படம். ஆனால் முக்கியமானதை அது மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து. கோலி ஏன் பள்ளத்தில் இறங்குகிறது? கீழே பூமி இழுப்பதால். ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே துணைக்கு அழைத்தாயிற்று! தவிர, அதில் நேரத்துக்கு இடமே இல்லை. கையிலிருந்து நழுவிய மாங்காய் தரையில் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் வெளியின் வளைவு அல்ல. உயரத்துக்கு உயரம் நேரம் வேறு வேகத்தில் ஓடுவதுதான். தரைக்கு அருகில் கடிகாரம் மெதுவாக ஓடும், மேலே போகப் போக வேகம் கூடும். 2010-ல் அமெரிக்காவின் தேசிய அளவீட்டு ஆய்வகமான என்.ஐ.எஸ்.டி.யில் ஓர் அணுக்கடிகாரத்தை 33 சென்டிமீட்டர் மட்டுமே உயர்த்தி வைத்து இந்த வித்தியாசத்தை அளந்துவிட்டார்கள். நம் போனுக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், திருத்தாமல் விட்டால், நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி முந்திவிடும். அதற்குள் ஒளி 11 கி.மீ. ஓடியிருக்கும்.

ஒளியைப் போல வேகமாகப் போவதற்கு மட்டும் வெளியின் வளைவும் சமமாகச் சேர்ந்துகொள்கிறது. ஒளி வளைவதைப் பற்றி ஐன்ஸ்டீன் 1911-ல் போட்ட கணக்கில் நேரத்தின் பங்கு மட்டும் இருந்தது. 1915-ல் வெளியின் பங்கும் சேர்ந்ததும், சூரியனருகே நட்சத்திர ஒளி வளையும் அளவு இரட்டிப்பானது. 1919 கிரகணத்தின்போது பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் குழுவினர் சோதித்தது இந்த இரட்டிப்பைத்தான்.

ஒளிகூடத் தப்ப முடியாத அளவு ஈர்ப்புள்ள கருந்துளை, சுற்றியுள்ள எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்பதும் தவறு. சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தால், அதன் ஆரம் 3 கி.மீ.தான் இருக்கும். வெயில் இல்லாமல் பூமி உறைந்துபோகும், ஆனால் இதே பாதையில்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.