சம்பளத்தோடு சைடு பிசினஸ்: மார்ச் 15-க்குள் கட்ட வேண்டிய வரி

வேலையில் இருந்துகொண்டே வார இறுதிகளில் ஆரி வேலை செய்து பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். அலுவலகத்தில்தான் மாதாமாதம் டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) பிடிக்கிறார்களே, வரி அதோடு முடிந்தது என்று முதல் வருடம் இருந்துவிட்டேன். அந்தப் பிடித்தம் சம்பளத்துக்கு மட்டும்தான். தையல் லாபம் சம்பளத்துக்கு மேலே போய்ச் சேரும். அதனால் உங்கள் வருமானம் தொடும் கடைசி ஸ்லாப் (வரி அடுக்கு) எதுவோ, அந்த விகிதத்தில்தான் அதற்கு வரி.

முதலில், தொழில் பணத்துக்கு இன்னொரு வங்கிக் கணக்கு. அப்புறம் ஒரு கூகுள் ஷீட்: தேதி, யார், வரவு, செலவு, பில் படம். ஆரம்பத்தில் கணக்கு மென்பொருள் எதுவும் வாங்காதீர்கள், இதுவே போதும்.

அடுத்து லாபம். சிறு தொழிலுக்கு உத்தேச லாப முறை உண்டு (1961 வருமான வரிச் சட்டத்தில் பிரிவு 44ஏடி). யுபிஐ, வங்கி வழி வந்த வரவில் குறைந்தது 6%, ரொக்கத்தில் 8% லாபமாகக் காட்டலாம். உண்மையில் அதைவிட அதிகம் நின்றால் அதையே காட்டுங்கள்.

நான் தடுக்கியது இதற்கு அடுத்த படியில். டிடிஎஸ் போக மீதி வரி 10,000 ரூபாயைத் தொட்டால், ரிட்டர்ன் போடும்வரை காத்திருக்கக் கூடாது. அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது வருடம் முடியுமுன்பே கட்டும் வரி, கட்ட வேண்டும். வழக்கமாக அது ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15 என்று நான்கு தவணை. உத்தேச முறைக்கு மார்ச் 15-க்குள் மொத்தமாக ஒரே தவணை. லாபம் 1,00,000, ஸ்லாப் 20% என்றால் செஸ் (வரியின் மேல் 4% கூடுதல்) சேர்த்து வரி 20,800. இதை ஜூலையில் கட்டினால் ஏப்ரல் முதல் மாதம் 1% வீதம் 832, மார்ச் தவணை தவறியதற்கு 208, ஆக 1,040 வட்டி. 15-ஐத் தவறவிட்டாலும் மார்ச் 31-க்குள் கட்டிவிட்டால் அந்த 208 மட்டும்தான்.

கட்டுவது வருமான வரித் தளத்தில் ‘இ-பே டாக்ஸ்’ பகுதியில். அங்கே ‘அட்வான்ஸ் டாக்ஸ் (100)’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் 300, வருடம் முடிந்தபின் கட்டுவதற்கானது. சலானை இறக்கி ஷீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ரிட்டர்னுக்கு ஐடிஆர்-1 படிவம் இனி ஆகாது. உத்தேச முறை என்றால் ஐடிஆர்-4, முழுக் கணக்கு காட்டினால் ஐடிஆர்-3. போடுமுன் ஏஐஎஸ் அறிக்கையை (உங்கள் வரவுகள் பற்றி வரித்துறையிடம் உள்ள ஆண்டுத் தகவல்) ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை: ஜிஎஸ்டி பற்றிச் சிலர் கேட்டீர்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரையும், சேவைக்கு 20 லட்சம் தாண்டும்வரையும் பொதுவாகப் பதிவு தேவையில்லை. வெளி மாநிலத்துக்குப் பொருள் அனுப்புவதென்றால் கதை வேறு, தொடங்குமுன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இதை நான் முதலில் எழுதாமல் விட்டது தவறு. சம்பளம் மட்டும் இருந்தால் பழைய வரிமுறை, புதிய வரிமுறை என்று வருடாவருடம் மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் வந்துவிட்டால் அப்படி முடியாது. பழைய முறைக்குப் போக, கெடு தேதிக்குள் தனிப் படிவம் தர வேண்டும். பிறகு புதிய முறைக்குத் திரும்பினால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக வழியில்லை. பழைய முறையில் கிடைக்கும் வீட்டுக் கடன், 80சி (பிஎஃப், எல்ஐசி போன்ற சேமிப்பு) கழிவுகளை நம்பியிருப்பவர்கள் முதல் ஆர்டர் எடுக்கும் வருடத்திலேயே இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.