பேக்கரி மேசையில் சபை கூடுவது எப்படி

கோவையில் நாலு பேர் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் முதலில் வாயில் வருவது "பேக்கரிக்கு வந்துருங்க" என்பதுதான். இடம் வாங்குவது, கல்யாணப் பேச்சு, சீட்டுப் பண விவகாரம் எல்லாம் ஒரு டீக்கும் தேங்காய் பன்னுக்கும் நடுவில் முடிந்துவிடுகிறது. கடவுளைப் பற்றிய பேச்சு மட்டும் ஏன் மைக் முன்னால்தான் நடக்க வேண்டும்? மேல்நாட்டில் இப்படிக் கடை மேசையில் கூடிக் கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு கஃபே சர்ச் என்று பெயர், இங்கிலாந்துத் திருச்சபை 2004இல் வெளியிட்ட ஓர் அறிக்கையில் புதுவகைச் சபைகளில் ஒன்றாக இதையும் சேர்த்திருந்தார்கள். அதற்கெல்லாம் வெகு முன்னால் அப்போஸ்தலன் பவுல் ஏதென்ஸ் சந்தையில் எதிர்ப்பட்டவர்களோடு தினமும் பேசிக்கொண்டிருந்தார், பைபிளில் அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நம் பக்கம் இதை ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கடை. ஏசி போட்ட பெரிய காபி ஷாப் வேண்டாம் என்பது என் கட்சி. அங்கே விலைப் பட்டியலைப் பார்த்தே பாதிப் பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள். மில் வேலைக்குப் போகிறவரும் காலேஜ் பையனும் ஒரே மேசைக்கு வர வேண்டும் என்றால் பேக்கரிதான் சரி. ஆனால் நம் பேக்கரிகள் பலவற்றில் உட்கார இடமே கிடையாது, எல்லாரும் வாசலில் பைக் மேல் சாய்ந்துகொண்டு டீ கிளாஸைப் பிடித்திருப்பார்கள், அந்தக் கூட்டத்தைத் தாண்டி உள்ளே வரப் பெண்கள் தயங்குவார்கள். அதனால் உள்ளே தனியாக மேசை போட்ட, குடும்பமாக வருகிற கடையாகப் பாருங்கள். நீங்கள் பார்த்து முடிவு செய்வதைவிட, வரப்போகிற பெண்களில் ஒருவரை முன்னாலேயே கூட்டிப்போய் "இங்கே நீங்க தனியா வருவீங்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது. பாத்ரூம் இருக்கிறதா, பஸ் ஸ்டாப் பக்கமா என்பதை அவர்தான் கவனிப்பார்.

கடைக்காரரிடம் எதையும் ஒளிக்காதீர்கள். "ஏனுங்ண்ணா, வாரம் ஒருநாள் ஆறேழு பேர் வந்து ஒரு மணி நேரம் பேசுவோமுங்க, பைபிள்ல இருந்து ஒரு கதை எடுத்துப் பேசுவோம், பாட்டு, சத்தம் எதுவும் இருக்காதுங்க." இவ்வளவு போதும். அவர் இழுத்தால் வற்புறுத்தாமல் அடுத்த கடையைப் பாருங்கள். அவருக்கும் பல தரப்பட்ட வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், கல்லாவுக்கு மேலே முருகன் படம் மாட்டியிருப்பார், நம்மை உட்கார விடுவது அவருடைய பெருந்தன்மை. பக்கத்து மேசைக்குத் துண்டுப் பிரசுரம் நீட்டுவது, பப்ஸ் வாங்க வந்தவருக்காக எழுந்து ஜெபிக்கக் கிளம்புவது, ரீல்ஸ் எடுப்பது, இதெல்லாம் கூடவே கூடாது. யாராவது தானாகத் திரும்பி "என்னங்க பேசறீங்க?" என்று கேட்டால் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுங்கள், போதும்.

நேரம் ஊருக்கு ஊர் மாறும். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை கடைக்கு நல்ல வியாபாரம், அப்போது மேசையை அடைத்துக்கொண்டால் மாஸ்டரே முறைப்பார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் ஆள் வெளியே வரவே எட்டரை ஆகிவிடும், சனிக்கிழமை சம்பள நாள், அதனால் ஞாயிறு சாயங்காலத்தை விட்டால் வழியில்லை. ஈரோட்டில் ஜவுளிக்காரர்கள் இருந்தால் திங்கள் ராத்திரியும் செவ்வாயும் சந்தை, மறந்துவிடுங்கள்.

ஞாயிறு காலை ஆராதனை நேரத்தை மட்டும் தொடாதீர்கள். ஆயரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லண்டன் மிஷனின் பாதிரியார் அடிஸ் 1830இல் கோவைக்கு வந்ததிலிருந்து கணக்கிட்டால் இங்கே சபைக்குக் கிட்டத்தட்ட இருநூறு வயது, பழக்கத்தை மாற்றுவது என்றால் கமிட்டியில் நாலு கேள்வி வரத்தான் செய்யும். ஞானஸ்நானம், திருவிருந்து எல்லாம் ஆலயத்தில்தான், காணிக்கை எடுப்பதில்லை, நாங்கள் பேச மட்டும்தான் கூடுகிறோம் என்று தெளிவாகச் சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

அப்புறம் பேச்சு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பகுதி, அதுவும் கதையாக இருந்தால் நல்லது. போனில் பார்த்து ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும். நடத்துகிறவருக்குக் கேள்வி கேட்பதுதான் வேலை, விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அது பிரசங்கம் ஆகிவிடும், மற்றவர்கள் டீயை ஆற்றிக் குடித்துவிட்டுத் தலையாட்டுவார்கள். லூக்கா 15, இளைய மகன் கதையை எடுத்துப் பாருங்கள். அப்பன் உயிரோடு இருக்கும்போதே பங்கைப் பிரித்துக் கேட்கிறான் சின்னவன், எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்தவனுக்கு அப்பா விருந்து வைக்கிறார், பெரியவன் கோபித்துக்கொண்டு உள்ளே வர மறுக்கிறான். நம் ஊரில் இதைக் கேட்டுச் சும்மா இருக்க யாரால் முடியும்? எங்கள் மேசையில் ஒரு பெரியவர், அரை ஏக்கர் வாய்க்கால் பாசன பூமிக்காகப் பங்காளிகளோடு கோர்ட்டுக்கு அலைந்தவர், "பெரியவன் பண்ணுனதுல என்னங்க தப்பு? காட்டுல கிடந்து பாடுபட்டவன் அவந்தானுங்க" என்று மேசையைத் தட்டினார், பன் தட்டு குதித்தது. எதிரே இருந்த பெண் மெதுவாக, "அந்த அப்பா ரெண்டு பேரையும் தேடி வெளியே வர்றாரே, அதைப் பார்த்தீங்களாங்க?" என்றார். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை, அன்றைக்கு முடிவு எதுவும் எட்டவும் இல்லை. அப்படி விட்டுவிடலாம், கடைசியில் சரியான பதிலைச் சொல்லி முடித்து வைக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். புதிதாக ஒருவர் வந்தால் "எந்த ஊருங்க?" என்று கேட்பது நம் பழக்கம். அடுத்து "ஊர்ல எந்தப் பக்கமுங்க?", அதற்கடுத்து "எந்தக் கூட்டமுங்க?" என்று போகும், எதற்காகக் கேட்கிறோம் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த கிராமங்கள் இந்த வட்டாரத்தில் இருந்தன. அந்த ஞாபகத்தோடு வந்து உட்காருகிறவர்கள் உங்கள் மேசையில் இருக்கலாம். முதல் கேள்வியோடு பேச்சை மாற்றிவிடுவது நடத்துகிறவரின் பொறுப்பு, கேட்டவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

பில் கொடுப்பதில் அடிதடியே நடக்கும், "நாங் குடுக்கறனுங்க" என்று ஆளாளுக்கு போனை நீட்டுவார்கள். ஒவ்வொரு வாரமும் ஒருவரே கொடுத்தால் மற்றவர்கள் விருந்தாளி ஆகிவிடுவார்கள், வசதி இல்லாதவர் வருவதை நிறுத்திவிடுவார். அவரவர் டீக்கு அவரவர் என்று முதல் நாளே பேசிவிடுங்கள், கையில் காசில்லாதவருக்கு யாராவது சத்தமில்லாமல் சேர்த்துக் கொடுத்துவிடலாம். ஒரு மணி நேரம் உட்காருகிறீர்கள் என்றால் இரண்டாவது ரவுண்டு சொல்லாமல் எழுந்திருக்காதீர்கள்.

முடிக்கும்போது சின்ன ஜெபம், கண்ணை மூடாமல், பேசுகிற குரலிலேயே. வீட்டுக் கஷ்டத்தை யாராவது சொல்ல ஆரம்பித்துக் குரல் உடைந்தால் மேசையில் வைத்து ஆலோசனை சொல்லாதீர்கள், ஒருவர் மட்டும் அவரோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து போகட்டும். அவர் சொன்னது வாட்ஸ்அப்பில் ஜெப விண்ணப்பமாகக்கூடப் போகக் கூடாது.

எட்டுப் பேரைத் தாண்டினால் பின்னால் இருப்பவர்கள் தங்களுக்குள் தனியாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், அப்போது வேறு கடையில் இன்னொரு மேசை போட்டுவிடுங்கள். பிரிக்கும்போது நன்றாகப் பேசுகிறவர்களை எல்லாம் ஒரே பக்கம் அனுப்பிவிடாதீர்கள்.